கூட்டக் குறிப்பில் நான்கு நிமிடம்

ஹட்டன் பிரதான வீதி, பேக்கரிக்கு மேல்மாடி.
பாண் வேகிற வாசம் படியேறி வந்து
கோப்புகளுக்குள் படுத்துக்கொள்ளும்.
பெயர்ப்பலகையில் மூன்று மொழிகளில் அமைதி.
அதில் ஒன்றுக்கு மட்டும் துரு.
எதற்கென்று சொல்லமாட்டேன்,
வரிசை போட்ட அன்று நடந்த சண்டையை
நான்தான் எழுதிவைத்தேன்.

எட்டு மணிக்குச் சாவி.
கூரை ஒழுகுமிடத்தில் பால்மா டின்
நேற்றிரவே நிறைந்திருக்கிறது.
பதினொரு நாட்டுப் பெண்களின் சந்தா
என் இடப்பக்க இழுப்பறையில் கிடக்கிறது,
டொலராக அல்ல, வவுச்சராக.

பதுளையிலிருந்து சாட்சி சொல்ல வந்தவளுக்கு
பஸ் டிக்கட் தொலைந்துபோயிற்று.
பெருவிரலை மைத்தட்டில் அமுக்கும்போது
"சம்பளத்துக்கும் இப்பிடித்தான்" என்று சிரித்தாள்.
சிட்டை எங்கே என்று கணக்காய்வாளர் கேட்பார்.
எழுதினேன்:
பஸ் வந்தது. அவளும் வந்தாள்.

குசுமலதாவும் சித்தி பரீனாவும்
செவ்வாய்க்கிழமையிலிருந்து பேச்சில்லை.
ஹீட்டரை அணைக்காமல் போனது யார் என்பது வழக்கு.
பிணக்குத் தீர்க்கும் பயிற்சிக்கு
கையேடு எழுதுகிறவர்கள் இந்த இருவரும்தான்.
ஆறாம் அத்தியாயத்தை ஒருத்தி என்னிடம் நீட்டுகிறாள்,
இரண்டடி நடந்து
மற்றவளிடம் கொடுக்கிறேன்.

தலைமையகத்துப் படிவத்தில் ஒரு கட்டம்:
இக்காலாண்டில் எட்டிய அமைதி, எண்ணில்.
கொழுந்து மடுவத்துத் தராசைப் பார்த்து வளர்ந்தவள் நான்.
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ
கேட்காமலே கழிப்பார்கள்.
பதினான்கு என்று போட்டேன்.
அடிக்குறிப்பில்: கழித்த பிறகு.

மாலை ஆறரை.
பொகோட்டாவில் காலை எட்டு,
சுவாவில் நள்ளிரவு ஒன்று;
லித்தியா தலையணையோடுதான் திரைக்கு வருவாள்.
எல்லையின் இந்தப் பக்கத்தவள், அந்தப் பக்கத்தவள்,
இருவருக்கும் பெயரெழுதக் கூடாது; ம, ர என்று வைத்திருக்கிறேன்.
யாரை முதலில் எழுதுவது?
அகரவரிசை என்றேன்.
எந்த மொழியின் அகரவரிசை என்றார்கள்.

நிகழ்ச்சி நிரல் மூன்று:
அடுத்த மாநாட்டுக்கு விசாக் கடிதங்கள்.
ம பேச ஆரம்பித்தாள்.
"நேற்றுக் காலை எங்கள் பள்ளிக்கூடம்"
அதோடு நின்றுவிட்டது.
வினைச்சொல்லுக்குக் காத்திருந்த மொழிபெயர்ப்பாளர்
மூச்சுவிடுவது மட்டும் காதில் விழுந்தது.
ர எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன்.
போகவில்லை.
கமராவை அணைக்கவுமில்லை.
எங்கோ ஒரு கேத்தல் கொதித்து, தானே அடங்கியது.

நான் ஒலிவாங்கியை மூட மறந்திருந்தேன்.
நாலரைக்கு வரவேண்டிய ரயில்
பனிக்குள்ளிருந்து ஊதிக்கொண்டு வந்தது,
பதினொரு நாட்டுக்கும் கேட்க.
"என்ன அது?" ர கேட்டாள்.
பதுளை ரயில் என்றேன்.
"பிந்தியா?"
எப்போதும்.
"எங்களிடமும்" என்றாள் ம.
பிறகு நான்காவது விடயத்துக்குப் போனோம்.

குறிப்பில் இப்படி எழுதினேன்:
7.12 முதல் 7.16 வரை பேச்சில்லை.
ஒருவரும் வெளியேறவில்லை.
தலைமையகத்திலிருந்து உடனே மறுமொழி:
தொழில்நுட்பக் கோளாறு எனத் திருத்தவும்.
"கிடைத்தது, நன்றி" என்று பதில் போட்டேன்.
திருத்தவில்லை.

கீழே பேக்கரியின் தகரக் கதவு இறங்குகிறது.
குசுமலதா ஹீட்டரை அணைத்துவிட்டு
அந்த ஹீட்டரிடமே சொல்கிறாள்: "அணைச்சாச்சு."
பரீனா தாவணியைச் சரிசெய்வதுபோல் குனிந்து
புறங்கையால் தொட்டுப் பார்க்கிறாள்.

காலையில் கூரை வேலைக்கு முன்பணம் கொடுக்கவேண்டும்.
எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியவில்லை.
டின்னை வெறுமையாக்கி
அதே இடத்தில் வைக்கிறேன்.